ஏசுவை விடவில்லை, திருச்சபையை நம்பவுமில்லை



ஒவ்வொரு செப்டம்பர் 11 அன்றும் தியாகி இமானுவேல் சேகரனார் நினைவிடத்துக்கு வீரவணக்கம் செலுத்தப் பரமக்குடி வரும் மாணவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, பேரு இமானுவேல், வேதப் பேரு. ஆனா முளைப்பாரி எடுத்து வர்றாங்க. இங்க நம்ம சனம் கிறிஸ்தவங்களா, இந்துக்களா?" இன்னும் கறாரான தம்பிகள், "ஞாயித்துக்கிழமை சர்ச்சு, சான்றிதழ்ல இந்து. இது ஏமாத்து இல்லையா?" என்றே கேட்டுவிடுகிறார்கள்.

ஏமாற்று இல்லை. ஆனால் அதை விளக்க நானூறு ஆண்டுகள் பின்னால் போகவேண்டும்.

நம் மாவட்டத்தில், திருவாடானைப் பக்கம் இருக்கிறது ஓரியூர். 1693 பிப்ரவரி 4 அன்று போர்ச்சுகீசிய சேசு சபைப் பாதிரியார் ஜான் டி பிரிட்டோ, நம் மக்கள் சொல்லும் அருளானந்தர், அங்கே தலை வெட்டப்பட்டார். ஞானஸ்நானம் பெற்ற தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அரண்மனைக் கோபம் பாதிரியார் மேல் விழுந்தது. 1947-ல் ரோம் அவருக்குப் புனிதர் பட்டம் தந்தது. ஓரியூர்ச் செம்மண்ணை இன்றும் சனம் அள்ளிப்போகிறது.

இந்த ரத்தத்தைத் திருச்சபை நன்றாக நினைவில் வைத்திருக்கிறது. அதே மதுரை மிஷன் நம்மை எப்படி நடத்தியது என்பதை மட்டும் அவ்வளவு அக்கறையாகச் சொல்லிக்கொடுப்பதில்லை.

1606-ல் மதுரை வந்த நொபிலி, பிராமண சந்நியாசி போல வாழ்ந்து மேல்சாதியாரைச் சேர்க்கப் பார்த்தார். 1623-ல் போப் பூணூலுக்கும் குடுமிக்கும் அனுமதி கொடுத்தார். பிறகு ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கென்று தனியாகப் பண்டாரசாமிகள். அருளானந்தரும் பண்டாரசாமிதான். ரோமின் தூதராகப் புதுச்சேரி வந்த டூர்னோன், 1704-ல், நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் கொடுங்கள் என்று ஆணையிட்டார். சாகக் கிடப்பவன் வீட்டுக்குள் சாமியார் நுழைய ஆணை தேவைப்பட்டிருக்கிறது! அதை எதிர்த்தும் பல ஆண்டுகள் வாதாடினார்கள். கடைசியில் 1744-ல் என்ன முடிவு? பறையருக்கென்று தனிப் பாதிரிமார்.

சீர்திருத்த சபையும் பெரிய வித்தியாசமில்லை. 1833-ல் கல்கத்தா பிஷப் வில்சன் சபைக்குள் சாதியே கூடாது என்று எழுதியபோது, தஞ்சாவூரில் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கோயிலைவிட்டு வெளியேறினார்கள். சாதியை விட அவர்களுக்கு மனமில்லை. இதெல்லாம் பழங்கதை என்பவர்கள் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரைப் பார்க்கட்டும். 2008 மார்ச்சில் அங்கே தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதற்கு வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் முழங்காலிட்டது ஒரே மாதாவின் முன்தான்.

எங்கள் பாட்டிமார் ஜெபமாலையையும் விடவில்லை, பங்குச் சாமியாரையும் முழுதாக நம்பவில்லை என்றால், அது இந்த அனுபவத்திலிருந்து வந்தது.

இங்கிலாந்துக்காரர்களிடமும் இப்படியொரு விலகலைப் பார்க்கலாம். 1534-ல் எட்டாம் ஹென்றி ரோமை முறித்துக்கொண்டு தானே சபைக்குத் தலைவரானார். மேரி ராணி காலத்தில் முந்நூறு பேர் அளவுக்கு உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அடுத்து எலிசபெத் காலத்தில் கத்தோலிக்கப் பாதிரிமார் தூக்கில் தொங்கினார்கள். 1642-ல் மூண்ட உள்நாட்டுப் போரில் மதமும் ஒரு காரணம். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் உட்கார 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மதவெறி என்றாலே அந்தச் சமூகம் முகம் சுளிக்கக் கற்றுக்கொண்டது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் சர்ச் என்று பலர் ஒதுங்கினார்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸில் தன்னைக் கிறிஸ்தவர் என்றவர்கள் 46.2 சதவீதம்தான்.

ஆனால் ஒதுங்கிய வெள்ளைக்காரன் இன்று எதையும் இழப்பதில்லை. நம் ஆள் உள்ளே இருந்தாலே இழக்கிறான். 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்துக்களுக்கென்று வைத்தது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் வாங்கியவன் காகிதத்தில் பிற்படுத்தப்பட்டவன், தெருவில் அதே சேரிக்காரன். 2023 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. டெல்லி அசையவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், சர்ச்சுக்குப் போய்க்கொண்டே பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். அந்தப் பெண் யாரைக் கும்பிடுகிறார் என்று துருவிய நாடு, கும்பிடுகிற இடத்தில் அவருக்குச் சாதி போய்விட்டதா என்று விசாரித்திருக்க வேண்டாமா?

ஆகவே தம்பி, சான்றிதழில் இந்து என்று எழுதிய எங்கள் அக்காவைக் கேள்வி கேட்பதற்கு முன், 1950 ஆணையைக் கேளுங்கள், ஆயரையும் கேளுங்கள். ஓரியூர்த் திருவிழாவுக்குத் தாராளமாகப் போங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, யார் எந்தப் பக்கம் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.