சிறிய களம் சிறுமையன்று

கால்பந்தாட்டம் என்றதும் காலால் பந்தை உதைக்கும் ஆட்டமே நம் நினைவுக்கு வரும். அமெரிக்கர்களுக்கோ அச்சொல் வேறோர் ஆட்டத்தைக் குறிக்கும். முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும், மார்போடு அணைத்து ஓடியும், எதிர்ப்பட்டவரை மோதி வீழ்த்தியும் ஆடும் ஆட்டம் அது. நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். இன்றேல் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும்.

இவ்வாட்டத்தைக் கூரையின் கீழும் ஆடுகின்றனர். "அது வெறும் வேடிக்கை, உண்மையான ஆட்டம் அன்று" என்று சிலர் அதனை ஒதுக்குவர். இக்கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. இவ்விளையாட்டில் புதிதாக அடியெடுத்து வைப்பவருக்கு உள்ளரங்கமே சிறந்த பள்ளி என்பது என் துணிபு.

திறந்தவெளிக் களத்தின் நீளம் 100 கெஜம். அணிக்கு 11 பேர். உள்ளரங்கில் 50 கெஜமும் 8 பேருமே. பக்கக் கோட்டுக்கு அப்பால் மெத்தை பொருத்திய தடுப்புச் சுவர் நிற்கும். 1981இல் நியூயார்க்கில் உள்ளரங்கக் கால்பந்துப் போட்டியொன்றைக் கண்டுகொண்டிருந்த ஜிம் ஃபாஸ்டர் என்பவர், கையிலிருந்த உறையின் மீதே இக்களத்தை வரைந்தாராம். 1987இல் நான்கு அணிகளோடு 'அரினா ஃபுட்பால்' தொடர் பிறந்தது.

இடம் சுருங்கினால் என்ன நேரும்? சிந்திக்கும் நேரமும் சுருங்கும். கண்ணும் கையும் ஒருங்கே விரையப் பழகும். மேலும், அத்தொடரில் 2007 வரை வீரர்களுள் பெரும்பாலோர் தாக்குதல், தற்காப்பு இரண்டையும் ஆடியாக வேண்டும் என்பது விதி. எதிரியின் இடத்தில் நின்று ஆட்டத்தை நோக்கும் பயிற்சி தொடக்கக்காரருக்கு வேறெங்கே எளிதில் கிட்டும்?

பெரிய களமே சிறிய களத்திடம் பாடம் கற்றதுண்டு. 1932 டிசம்பர் 18 அன்று சிகாகோவில் கடுங்குளிரும் பனியும் வாட்டவே, பட்டத்துக்கான ஆட்டம் 'சிகாகோ ஸ்டேடியம்' என்ற உள்ளரங்கில் நடந்தது. சுவர்கள் நெருங்கி நின்றமையால், ஓரத்தில் நின்றுபோன பந்தை உட்புறம் தள்ளி வைத்துத் தொடங்கினர். அவ்வழக்கம் மறு ஆண்டே திறந்தவெளி ஆட்டத்துக்கும் விதியாயிற்று!

கர்ட் வார்னரின் வாழ்வையும் எண்ணிப் பாருங்கள். 1994இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி அவரைப் பயிற்சி முகாமிலிருந்தே விலக்கியது. பிழைப்புக்காக மளிகைக் கடையில் சரக்கு அடுக்கினார். 1995 முதல் 1997 வரை அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்னும் உள்ளரங்க அணியில் ஆடினார். 2000 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்கு 'சூப்பர் பவுல்' கோப்பையை வென்று தந்து ஆட்டநாயகனும் ஆனார். ஒதுக்கப்பட்டவருக்கு இரண்டாம் வாயிலைத் திறந்தது அச்சிறு களமே.

எல்லோரும் வார்னர் ஆகிவிட முடியாது என்பதும் உண்மையே. 'அரினா ஃபுட்பால்' தொடரே 2019இல் நொடித்து மூடப்பட்டது. மோதலில் தலைக்கு நேரும் தீங்கையும் மறைத்தல் கூடாது. இவ்வாட்டத்துக்கும் நாட்பட்ட மூளைநோய்க்கும் தொடர்புண்டு என்பதை 2016இல் தேசியத் தொடரின் அதிகாரி ஒருவரே ஒப்புக்கொண்டார்.

ஆதலின் தொடங்குவோர் மோதலில் தொடங்கலாகாது என்பேன். இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பறித்தாலே ஓடுபவர் நின்றுவிடும் 'ஃபிளாக் ஃபுட்பால்' இருக்கிறது. எறிதல், பிடித்தல், விலகி ஓடுதல் ஆகிய மூன்றையும் முதலில் அதில் தேர்ந்துகொள்ள வேண்டும். பின்னர் தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்து, தலையை முன்னே நீட்டாமல் தோளால் தடுக்கும் முறையைத் தக்க பயிற்சியாளரிடம் கற்று உள்ளரங்கினுள் புகலாம். அணிக்கு ஐவரே ஆடும் இந்த ஃபிளாக் ஆட்டத்தை, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கும் முடிவு 2023 அக்டோபரில் நம் மும்பையில் கூடிய கூட்டத்தில்தான் எடுக்கப்பட்டது.

நண்பர்களே! பெரிய திடலில் இடம் கிட்டவில்லையே என்று ஏங்கி நிற்பதால் பயனில்லை. கிடைத்த களத்தில் கால் பதிப்போம். அது 50 கெஜமே ஆயினும் ஆட்டம் ஆட்டமே!