செத்ததாகச் சொல்லப்பட்ட பெட்டி

கொக்கட்டிச்சோலையில் வசிக்கும் என் அக்காவிடமிருந்து விடிகாலையில் தொலைபேசி வந்தால் இன்றும் என் நெஞ்சு ஒருகணம் திடுக்கிடும். போர்க்காலத்தில் தொற்றிய பழக்கம் அது. சென்ற மாதம் அப்படித்தான் அழைத்தார். "தம்பி, ரிவி செத்துப் போயிற்று. ராவு கரண்ட் போய் வந்ததோட சரி, ஒண்டுமே வருகுதில்ல" என்றார்.

எனக்கு ஆறுதலாக இருந்தது. அவருக்கு அப்படியில்லை. அத்தான் காலமாகி, பிள்ளைகளும் கடல் கடந்து போய்விட்ட வீட்டில், மாலைக்குப் பின் ஒலிக்கும் மனிதக்குரல் அந்தப் பெட்டியிலிருந்து வருவதுதான்.

தொலைபேசியிலேயே விசாரணையைத் தொடங்கினேன். அதே செருகுமிடத்தில் மின்விசிறி ஓடுகின்றதா? ஓடுகின்றது. பெட்டியைப் பல துளைகள் கொண்ட நீட்டிப்புப் பலகையில் செருகாமல் நேரே சுவரில் செருகியாயிற்றா? வாவிக்காற்றின் உப்பீரம் அப்பலகைகளின் பித்தளை நாக்குகளைப் பச்சை பிடிக்க வைத்துவிடும். நம் பகுதியில் 'செத்துப்போன' தொலைக்காட்சிகளில் கணிசமானவை அங்கேதான் சாகின்றன. தொலையியக்கியின் மின்கலங்களை மாற்றியாயிற்றா? பெட்டியின் அடியில் ஒளிந்திருக்கும் பொத்தானை அழுத்திப் பார்த்தாரா? செருகியைப் பிடுங்கி, பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் செருகினாரா? உள்ளே குழம்பிப்போயிருக்கும் சிறு கணினி சிலவேளை அதனாலேயே தெளிந்துவிடும். எல்லாம் செய்தாயிற்று. சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு மினுங்கியது.

அந்த மினுங்கல் ஒரு நற்செய்தி என்பதைப் பலர் அறியார். விளக்கே எரியாவிட்டால் மின்சாரம் உள்ளே போகவில்லை, அல்லது மின்வழங்கிப் பலகை அடிபட்டுவிட்டது என்று பொருள். விளக்கு மினுங்கினால், பெட்டி உயிரோடிருந்து தன் நோயைச் சொல்ல முயல்கின்றது. ஒலி வந்து படம் வராவிட்டாலும் பதற வேண்டியதில்லை. அறையை இருட்டாக்கி, டோர்ச் வெளிச்சத்தைத் திரையில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். உருவங்கள் மங்கலாக அசைந்தால் திரை நலமே, பின்னொளி தரும் குமிழ்களே பழுது. வரிசையில் ஒரு குமிழ் போனாலே வரிசை முழுவதும் அணைந்துவிடலாம்.

அக்கா நகரத்துக்கு வந்து விற்பனையாளரின் சேவை நிலையத்தில் பெட்டியைக் கொடுத்தார். மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறந்தபின் இப்பயணம் இலகுவாயிற்று. அதற்குமுன் துறையைப் படகிலேயே கடக்கவேண்டும். அங்கிருந்த இளைஞர் பெட்டியைத் திறவாமலே தீர்ப்புக் கூறினார்: "இந்த மொடலுக்குப் பாட்ஸ் வாறதில்லை அம்மா, புதுசு எடுங்க."

இந்த ஒரு வசனத்துக்காகவே இப்பத்தியை எழுதுகின்றேன்.

அதே பெட்டியை நான் ஒரு பழைய திருத்துநரிடம் கொண்டுபோனேன். வானொலிக் காலத்திலிருந்து ஈயம் உருக்கும் மனிதர் அவர். மூடியைக் கழற்றி, மின்வழங்கிப் பலகையில் தலை வீங்கியிருந்த இரு கொள்ளளவிகளை விரலால் சுட்டினார். வெப்பத்தில் உள்ளிருக்கும் திரவம் உலர்ந்து வாயு சேரும்போது அவை இப்படி வீங்குமாம். ஏற்கெனவே நலிந்திருந்தவற்றை, மின்சாரம் திரும்பியபோது வந்த அதிர்வு முடித்துவிட்டது. அரைமணி நேர வேலை. கூலியும் உதிரியும் சேர்த்து இருவர் மதியச் சாப்பாட்டுக்கான காசு. (இதைப் படித்துவிட்டு யாரும் தாமே மூடியைக் கழற்றவேண்டாம். செருகியைப் பிடுங்கிய பின்னும் அந்தப் பலகையில் முந்நூறு வோல்ற்றுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும்.)

1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தில் பல பெட்டிகளோடு சுற்றுவரைபடமும் வந்தது. அதைப் பார்த்தே நம் திருத்துநர்கள் கற்றார்கள். போர்க்காலத்தில் மின்சாரமின்றிக் கிடந்த படுவான்கரைக் கிராமங்களில் கார் மின்கலத்தில் ஓடிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளுக்கும் அவர்களே உயிர்கொடுத்தார்கள். இன்று வரைபடமும் இல்லை, உதிரியும் இல்லை. அறிவிருந்தும் கை கட்டப்பட்டிருக்கின்றது.

பெட்டிதான் மலிந்துவிட்டதே, புதிது வாங்கினால் என்ன என்பார்கள். 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை மறந்தவர்களே அப்படிக் கேட்பார்கள். ஓய்வூதியத்தில் வாழும் பெண்ணுக்கு எந்தப் பெட்டியும் மலிவல்ல. அதே மார்ச்சின் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஒவ்வொரு வெட்டும் வீட்டுச் சாதனங்களுக்கு ஓர் அடி. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கே காரணம் என அமைச்சர் சொன்னார். குரங்கின் குற்றத்துக்கும் பாவனையாளரே தண்டம் கட்டவேண்டுமா?

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்துகின்றது. ஒரு தொலைக்காட்சி மாதிரியின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்தபின் குறைந்தது ஏழாண்டுகளுக்கு உள்மின்வழங்கி, பெரிய கொள்ளளவிகள் முதலிய உதிரிகள் திருத்துநர்களுக்குக் கிடைக்கவேண்டும். தொலையியக்கி சாதாரண பாவனையாளருக்கும் கிடைக்கவேண்டும். அங்கே விற்கும் நிறுவனங்கள் பல இங்கேயும் விற்கின்றன. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நமக்கொரு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கின்றது. வர்த்தகர்களுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் அதற்குண்டு. விலைக் கட்டுப்பாட்டில் காட்டும் அக்கறையில் சிறிது உதிரிப்பாகங்களிலும் காட்டினால், பழைய திருத்துநர்களின் மேசையருகே மீண்டும் ஓர் இளைஞன் வந்து உட்காரக்கூடும். நான் சென்றவரின் கடையில் அப்படி யாருமில்லை. மகன் கட்டாரில் வேலை செய்கின்றான்.

பெட்டி இப்போது நன்றாக ஓடுகின்றது. மின்சாரம் நின்றாலோ ஐப்பசி இடி முழங்கினாலோ உடனே செருகியைப் பிடுங்கிவிடும்படியும், மின்சாரம் வந்து ஐந்து நிமிடம் கழித்தே செருகும்படியும் திருத்துநர் அக்காவுக்குச் சொல்லியனுப்பினார். அக்கா அதைச் சிரமேற்கொண்டு நடக்கின்றார். போன வெள்ளிக்கிழமை மறுபடி விடியற்காலையில் அழைத்து, பெட்டி திரும்பவும் செத்துவிட்டதாகச் சொன்னார். செருகியைப் பிடுங்கியவர் திரும்பச் செருக மறந்திருந்தார்.