பூதக்கண்ணாடியும் தமிழ் மாணவரும்

பூதக்கண்ணாடி விஞ்ஞான மாணவர்க்கே உரிய கருவி; தமிழ் பயில்வோர்க்கு அதனோடு யாது தொடர்பு என வினவுவார் நம்மிடையே உளர். தொடர்பு பெரிதும் உண்டென்பதே யான் கொண்ட கருத்து.

இலண்டனில் இராபர்ட்டு ஹூக் என்பார், பல வில்லைகள் பொருத்திய கூட்டு நுண்ணோக்கியால் கண்டவற்றை 1665-இல் நூலாக வெளியிட்டார். அடுத்த பத்தாண்டிற்குள், டெல்ஃப்டு நகரத்துத் துணிவணிகர் லேவன்ஹூக், தாமே தேய்த்தமைத்த ஒற்றை வில்லையால் நீர்த்துளியில் உலவும் சிற்றுயிர்களைக் கண்டார். அக்காலத்துக் கற்றோர் மொழி இலத்தீன். எனினும் ஹூக் ஆங்கிலத்திலேயே எழுதினார். இலத்தீன் அறியாத லேவன்ஹூக் தம் தாய்மொழியாகிய டச்சிலேயே இலண்டன் அரச கழகத்துக்குக் கடிதம் விடுத்தார். கழகத்தார் அவற்றைப் புறக்கணித்தாரல்லர், மொழிபெயர்த்துப் பதிப்பித்தனர்.

இனி நம் இராமநாதபுரக் கடற்கரையை நோக்குவோம். 2008-ஆம் ஆண்டிலும் 2019-ஆம் ஆண்டிலும் மன்னார் வளைகுடா நீர் பச்சை நிறமுற்று, மீன்கள் மடிந்து கரையொதுங்கின. மீனவர் பூங்கோரை என வழங்கும் இப்பெருக்கத்திற்குக் காரணம் நாக்டிலூகா என்னும் ஓரணுவுயிர். பளிங்குக் குமிழ்போன்ற அதனைக் காண எளிய வில்லையே போதும். ஆனால் அப்பச்சை அதன் சொந்த நிறமன்று. அதனுள்ளே குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். அப்பாசியைக் காணக் கூட்டு நுண்ணோக்கி வேண்டும். அதன் உள்ளமைப்பை நுணுகி அறியவோ, 1931-இல் பெர்லினில் ருஸ்காவும் நோலும் முதன்முதல் அமைத்த எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வழிவந்த கருவிகள் வேண்டும். நாக்டிலூகா அளவிறந்து பெருகுங்கால் நீரில் பிராணவாயு குன்றும், அம்மோனியா மிகும், மீன் மாளும்.

1947-இல் தோன்றிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இவற்றை ஆராய்ந்துள்ளனர். ஆயினும் அத்தகைய ஆய்வுரைகள் ஆங்கிலத்திலேயே விரிவாக வெளிவருகின்றன. பிழைப்பை இழப்பவர் பாம்பன் மீனவர். இழப்பின் காரணமோ அவர் படிக்கவியலாத மொழியில் இருக்கிறது. செய்தித்தாளில் இரண்டொரு பத்தி வந்து மறைவது இக்குறையைத் தீர்க்குமா?

தமிழில் சொல் போதாதென்பாரும் உண்டு. வில்லை, உயிரணு, நுண்பாசி என்னும் சொற்கள் நம்மிடம் உள. பூங்கோரை என்ற சொல்லை மீனவரே தந்துள்ளனர். குறை சொல்லில் இல்லை, எழுதுவாரிடத்தே உள்ளது.

ஆகவே ஒன்று வேண்டுவேன். தமிழ் வகுப்பினர் ஆண்டுக்கு ஒரு நாளேனும் உயிரியல் மாணவரோடு ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து பூதக்கண்ணாடியில் கண்ணை வைக்கட்டும். இருவரும் கூடி, கண்டதைக் கடற்கரையோர் படித்துணரும் எளிய தமிழில் எழுதட்டும். அக்கட்டுரை முதலில் இம்மலரில் வருக. பின்னர்த் துறைதோறும் செல்க.