படுக்கை நிலையும் மருந்தே

ஏலமலைச் சரிவில் வாழும் ஒருவருக்கு மூச்சு முட்டிப் போனால், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் கடந்து, போடிநாயக்கனூர் அரசு மருத்துவமனையில் முதற்சிகிச்சை பெற்று, அங்கே இயலாதபோது க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், நிலைமை இன்னும் கடுமையானால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கும் அவரைக் கொண்டு செல்வதே வழக்கம். இத்தனை தூரத்தைத் தாண்டிச் செயற்கைச் சுவாச யந்திரத்தை அடைந்துவிட்டால் கண்டம் கழிந்தது என்று உறவினர் ஆறுதல் கொள்வது இயற்கையே. ஆனால் யந்திரம் செலுத்தும் காற்று நுரையீரலின் எந்தப் பகுதியைச் சென்றடைகிறது என்பதில், நோயாளியின் உடல் எவ்வாறு கிடத்தப்பட்டிருக்கிறது என்பதற்குப் பெரும் பங்குண்டு. அந்த நிலையை மருந்துக்குச் சமமான சிகிச்சையாக மதித்து, அதனை நிறைவேற்ற வேண்டிய ஆட்களை நம் அரசு மருத்துவமனைகளுக்குத் தரவேண்டும் என்பதே என் வாதம்.

நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கமாக அமைந்திருக்கிறது. மல்லாந்து கிடக்கும்போது இருதயத்தின் பாரமும், உதரவிதானத்தைத் தள்ளும் வயிற்றின் அழுத்தமும் அப்பகுதியின் மீதே சாய்கின்றன. கடும் நிமோனியா போன்ற நோயால் நுரையீரல் நீர்கோத்துக் கனத்துவிட்டாலோ, கிடங்கில் அடுக்கிய ஏலக்காய் மூட்டைகளுள் அடிமூட்டை நசுங்குவதுபோல, கீழுள்ள காற்றறைகள் மேலுள்ளவற்றின் சுமையால் மூடிக்கொள்கின்றன. மூடிய அந்தப் பகுதியின் வழியே ஓடும் இரத்தம் பிராணவாயுவைப் பெறாமலே திரும்புகிறது. யந்திரம் தரும் காற்றோ, திறந்திருக்கும் சிறு பகுதிக்குள்ளேயே புகுந்து அதை மிதமிஞ்சி விரித்துப் புண்படுத்துகிறது. நோயாளியைக் குப்புறக் கிடத்தினால் முதுகுப்புறக் காற்றறைகள் சுமை நீங்கித் திறக்கின்றன. இரத்தவோட்டம் பெரும்பாலும் அப்பகுதியிலேயே நீடிப்பதால் காற்றும் இரத்தமும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. காற்றின் அழுத்தமும் முன்னிலும் சீராகப் பரவுகிறது.

இவ்வாறு கிடத்தினால் இரத்தத்தில் பிராணவாயு உயர்கிறது என்பது 1970களிலேயே அறியப்பட்டது. எனினும், இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனி குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்குச் சராசரியாக 7 மணி நேரம் குப்புறக் கிடத்தப்பட்டவர்களுக்குப் பிராணவாயு உயர்ந்ததேயன்றி மரணம் குறையவில்லை. பின்னர் 2013இல், பிரெஞ்சு மருத்துவர் குளோட் கெரான் குழுவினர், நோய் மிகக் கடுமையாயிருந்த 466 பேரை மட்டும் தேர்ந்து, அவர்களுள் ஒரு பாதியினரை ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் குப்புறக் கிடத்திப் பார்த்தபோது, 28 நாட்களுக்குள் மல்லாந்து கிடந்தோரில் 32.8 சதவீதத்தினரும் குப்புறக் கிடந்தோரில் 16 சதவீதத்தினருமே இறந்தனர். எந்த ஔஷதத்தையும் போலவே இதற்கும் உரிய நோயாளியும் உரிய அளவும் உரிய காலமும் உண்டு என்பதை இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் படிப்போர் உணர்வர்.

குப்புறக் கிடத்துவது ஒன்றே நிலைமாற்றமன்று. ஏலத்தோட்டங்களில் மருந்தடிப்பு ஓயாத வேலை. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி எவ்வழியிலேனும் உடலில் மிகுதியாகச் சேர்ந்துவிட்டால், சுவாசக் குழாய்களில் நீர் பெருகி, சுவாசத் தசைகள் தளர்ந்து, யந்திரத்தின் துணையின்றி மூச்சு விட இயலாத நிலை வருகிறது. தன்னினைவற்றுக் கிடக்கும் அத்தகையோரின் தலைமாட்டை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைத்தால், இரைப்பையிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும் அபாயம் குறைகிறது. பார்சிலோனாவில் 86 பேரைக் கொண்டு நடத்தி 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தட்டையாகக் கிடத்தப்பட்டோரில் 34 சதவீதத்தினருக்கும் தலைப்புறம் உயர்த்தப்பட்டோரில் 8 சதவீதத்தினருக்குமே நிமோனியா ஐயுறப்பட்டது. ஒரு பக்க நுரையீரல் மட்டும் பழுதுற்றிருந்தால், நல்ல நுரையீரல் கீழே இருக்குமாறு ஒருக்களித்துக் கிடத்துவதே பெரும்பாலோருக்குப் பயன் தருகிறது.

இவற்றுள் எதற்கும் விலையுயர்ந்த உபகரணம் வேண்டியதில்லை. வேண்டியவை பயின்ற கைகள். ஒருவரைக் குப்புறத் திருப்ப நான்கைந்து பேர் தேவை. ஒருவர் தலைமாட்டில் நின்று சுவாசக் குழாய் பிசகாமல் பிடித்துக்கொண்டு சொல் கொடுக்க, மற்றவர்கள் இருபுறமும் நின்று ஒரே வேளையில் திருப்ப வேண்டும். பின்னர் கண்ணும் கன்னமும் மார்பும் முழங்காலும் அழுந்திப் புண்ணாகாதபடி இரவும் பகலும் கவனிக்க வேண்டும். முதுகெலும்பு முறிந்து நிலைகுலைந்தவர் போன்றோருக்கு இது ஆகாது என்பதால், தொடங்குமுன் ஆராய்ந்து முடிவு செய்யும் மருத்துவரும் அருகிருக்க வேண்டும். செயற்கைச் சுவாசத்திலுள்ள நோயாளி ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் என்பது தீவிர சிகிச்சைத் துறை வகுத்துக்கொண்ட நியதி. 2020இல் 50,000 சுவாச யந்திரங்களுக்கென்று பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. யந்திரங்களை எண்ணிய அந்த அக்கறையுடன் அவற்றின் அருகே நிற்க வேண்டியவர்களையும் நாம் எண்ணியிருக்க வேண்டும்.

2021 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம், வீட்டிலிருக்கும் கொரோனா நோயாளிக்குப் பிராணவாயு அளவு 94க்குக் கீழே இறங்கினால் தலையணைகளின் துணையோடு குப்புறப் படுக்கலாம் என்று படங்களுடன் அறிவுறுத்தியதைப் பலர் இன்றும் மறந்திருக்கமாட்டார்கள். நினைவோடு இருப்பவர் தாமே புரண்டுகொள்வார். மயக்க மருந்தில் ஆழ்ந்து யந்திரத்தோடு பிணைக்கப்பட்டவருக்கோ அது பிறர் செய்ய வேண்டிய பணிவிடை. அதைச் செய்யப் போதிய ஆளில்லாத இரவில், உயிர் காக்கும் அறிவு ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

ஆகவே மக்கள் நல்வாழ்வுத் துறை மூன்று காரியங்களைத் தாமதமின்றிச் செய்ய வேண்டும். சுவாச யந்திரம் இயங்கும் ஒவ்வொரு படுக்கைக்கும் இரவுப் பணி உட்பட எல்லா வேளையிலும் ஒரு செவிலியரை, தொகுப்பூதியத்தில் அன்றி நிரந்தரமாக நியமிக்க வேண்டும். நோயாளியைத் திருப்பும் முறையைச் செவிலியரும் உதவியாளரும் கூட்டாகப் பயிலும் பயிற்சியை மாவட்ட மருத்துவமனைகளில் காலந்தவறாமல் நடத்த வேண்டும். மருந்தின் பெயரும் அளவும் குறிக்கும் அதே ஏட்டில், நோயாளி எந்த நிலையில் எத்தனை மணி நேரம் வைக்கப்பட்டார் என்பதையும் எழுதச் செய்ய வேண்டும். மலையிறங்கி வரும் கூலித் தொழிலாளிக்கும் மாநகரச் செல்வந்தருக்கும் நுரையீரலின் அமைப்பு ஒன்றே; இருவருக்கும் கிடைக்கும் பராமரிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.