சலுகை விலையின் மறுபக்கம்

2025-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி, மால்டோவா நாட்டின் கிழக்கு ஓரத்திலுள்ள டிரான்ஸ்னிஸ்திரியா பகுதியில் வீடுகளுக்கு வெப்பமூட்டும் குழாய்கள் குளிர்ந்துபோயின. வெந்நீர் நின்றது. உணவுப் பொருள் தயாரிக்கும் ஆலைகள் தவிர ஏனைய தொழிற்சாலைகள் மூடப்பட்டன. அடுத்த சில நாள்களில் மின்சாரமும் முறைவைத்து வழங்கப்படும் நிலை ஏற்பட்டது. நடுக்குளிர்காலத்தில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான மக்கள் விறகை நம்பி வாழ நேர்ந்ததற்கு இயற்கைச் சீற்றம் காரணமில்லை. கீவிலும் மாஸ்கோவிலும் எடுக்கப்பட்ட இரண்டு முடிவுகளே காரணம்.

ரஷிய எரிவாயுவைத் தனது மண் வழியாக ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்ல 2019 டிசம்பரில் கையெழுத்தான ஐந்தாண்டு ஒப்பந்தத்தை, போரில் சிக்கியுள்ள உக்ரைன் புதுப்பிக்க மறுத்தது முதல் முடிவு. 70.9 கோடி டாலர் பாக்கி இருக்கிறது என்று கூறி, துருக்கி வழியாக அனுப்பும் மாற்றுப்பாதை இருந்தும் எரிவாயுவை நிறுத்திவிட்டது ரஷியாவின் காஸ்பிரோம் நிறுவனம். இது இரண்டாவது முடிவு. தணிக்கை செய்து பார்த்ததில் பாக்கி சுமார் 86 லட்சம் டாலர்தான் என்பது மால்டோவா அரசின் வாதம். கணக்கு யாருடையது சரியாயினும், குளிரில் உறைந்தவர்கள் மாஸ்கோவைத் தங்கள் காவலனாகக் கருதி வந்தவர்கள் என்பதுதான் இதிலுள்ள சோகம்.

டிரான்ஸ்னிஸ்திரியா, நீஸ்டர் நதிக்கும் உக்ரைன் எல்லைக்கும் இடையே கிடக்கும் குறுகிய நிலப்பகுதி. சோவியத் யூனியன் சிதறியபோது மால்டோவாவுடன் இணைந்திருக்க மறுத்து, 1992-இல் குறுகிய கால யுத்தத்துக்குப் பிறகு தனி நிர்வாகம் அமைத்துக் கொண்டது. ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் அதை அங்கீகரிக்கவில்லை. சுமார் 1,500 ரஷியப் படையினர் அங்கு நிலைகொண்டுள்ளனர். ஆனால், முப்பதாண்டுகளுக்கும் மேலாக அந்த நிர்வாகத்தைத் தாங்கி நின்றது படையினரைவிட ரஷியா அனுப்பிய எரிவாயுதான்.

அதற்கு எவரும் பணம் கட்டவில்லை. உள்ளூர் நிர்வாகம் அதை அடிமாட்டு விலைக்கு மக்களுக்கும் ஆலைகளுக்கும் விற்று, வந்த பணத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் வழங்கியது. கட்டாத தொகையெல்லாம், காஸ்பிரோம் 50 சதவீதப் பங்கு வைத்திருக்கும் மால்டோவாகாஸ் நிறுவனத்தின் பெயரில் கடனாக எழுதப்பட்டு, ஆயிரம் கோடி டாலரையும் தாண்டியது. ரஷிய நிறுவனத்துக்குச் சொந்தமான குச்சுர்கான் மின் நிலையம் இதே எரிவாயுவை எரித்து, மால்டோவாவுக்குத் தேவையான மின்சாரத்தில் பெரும்பகுதியை மலிவு விலையில் விற்றது. தனது நாட்டைத் துண்டாடிய நிர்வாகத்துக்கு மால்டோவா மக்கள் மாதந்தோறும் மின்கட்டணம் மூலம் படியளந்தனர். இரு தரப்புக்கும் லாபம் இருந்ததால் பிரச்னையைத் தீர்க்கும் அவசரம் எவருக்கும் இருக்கவில்லை.

ரஷியாவின் அண்டை நாடுகளுக்குக் கிடைத்த சலுகை விலை வெறும் வணிகமாக இருந்ததில்லை. 2010 ஏப்ரலில் கார்கிவ் நகரில் அன்றைய உக்ரைன் அதிபர் யானுகோவிச்சும் ரஷிய அதிபர் மெத்வதேவும் செய்துகொண்ட உடன்பாடு இதற்குத் தெளிவான சாட்சி. ஆயிரம் கன மீட்டர் எரிவாயுவுக்கு 100 டாலர் வரை தள்ளுபடி; அதற்கு ஈடாக, கிரீமியாவில் ரஷியாவின் கருங்கடல் கடற்படை தங்கியிருக்கும் காலம் 2017-லிருந்து 2042 வரை நீட்டிப்பு. நான்கே ஆண்டுகளில் கிரீமியாவை ரஷியா இணைத்துக் கொண்டது. துறைமுகமே கைக்கு வந்துவிட்ட பிறகு வாடகை எதற்கு என்று தள்ளுபடியையும் ரத்து செய்தது.

பெலாரஸ் நாட்டின் அனுபவமும் வேறல்ல. மலிவு விலை எரிவாயுவை எதிர்பார்த்துத் தனது குழாய் நிறுவனத்தின் எஞ்சிய பாதிப் பங்கையும் 2011-இல் 250 கோடி டாலருக்கு காஸ்பிரோமிடம் அது ஒப்படைத்தது. 2022-இல் உக்ரைன் மீது படையெடுக்க பெலாரஸ் மண்ணையும் ரஷியப் படைகள் பயன்படுத்திக் கொண்டன. ஐரோப்பிய யூனியனுடன் ஒப்பந்தம் செய்யும் தறுவாயில் இருந்த ஆர்மீனியா, 2013 செப்டம்பரில் திடீரெனத் தடம் மாறி ரஷியாவின் சுங்கக் கூட்டமைப்பில் சேர்வதாக அறிவித்தது. சில மாதங்களில் அதன் எரிவாயு நிறுவனத்தில் அரசிடம் மிச்சமிருந்த 20 சதவீதப் பங்கும் கடனுக்கு ஈடாகக் கைமாறியது.

இந்தக் கதையில் ரஷியாவை மட்டும் குற்றம் சாட்டுவது முழு உண்மையாகாது. 2006 ஜனவரியிலும் 2009 ஜனவரியிலும் எரிவாயு நின்றபோது விலைத் தகராறும் நிலுவையும் உண்மையாகவே இருந்தன. இடைத்தரகு நிறுவனங்கள் மூலம் இரு நாடுகளிலும் செல்வாக்குப் படைத்தவர்கள் கொழுத்தார்கள். மலிவு எரிவாயுவைப் பழக்கமாக்கிக் கொண்ட உக்ரைன், ஆற்றலை வீணடிக்கும் பழைய ஆலைகளைச் சீர்திருத்தாமல் காலம் கடத்தியது. ஆனால், 2009-இல் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் பல்கேரியாவும் ஸ்லோவாகியாவும் தவித்தபோது, குழாயின் திருகு யார் கையில் இருக்கிறது என்பது ஐரோப்பாவுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

புரியவில்லை, அல்லது புரிந்தும் புரியாததுபோல் நடந்துகொண்டது. உக்ரைனைத் தவிர்த்து, பால்டிக் கடலடியில் ஜெர்மனிக்கு நேரடியாக வரும் முதல் நார்ட் ஸ்ட்ரீம் குழாய் 2011-இல் திறக்கப்பட்டது. கிரீமியா பறிபோன மறு ஆண்டே, 2015-இல், இரண்டாவது நார்ட் ஸ்ட்ரீமுக்கான உடன்பாட்டில் மேற்கு ஐரோப்பிய நிறுவனங்கள் கையெழுத்திட்டன. போலந்தும் பால்டிக் நாடுகளும் எழுப்பிய எச்சரிக்கைகள், பழைய பகையின் புலம்பல் என ஒதுக்கப்பட்டன. 2021-இல் ஐரோப்பிய யூனியன் இறக்குமதி செய்த எரிவாயுவில் 40 சதவீதத்துக்கும் அதிகம் ரஷியாவிலிருந்து வந்தது. ஜெர்மனிக்கு அது பாதிக்கும் மேல். 2022-இல் போர் மூண்ட பிறகு விழுந்தடித்துக் கொண்டு மாற்று தேடியது, தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். அதே ஆண்டு செப்டம்பர் 26-இல் கடலடியில் நிகழ்ந்த வெடிப்புகள் நார்ட் ஸ்ட்ரீம் குழாய்களையே உடைத்துப் போட்டன.

வெள்ளம் வருமுன் அணை போட்டவர்கள் சிறிய நாடுகள்தான். லிதுவேனியா 2014-இல் கிளைப்பேடா துறைமுகத்தில் திரவ எரிவாயுவை இறக்கும் மிதக்கும் முனையத்தை நிறுவியது. அந்தக் கப்பலுக்கு அது வைத்த பெயர் 'சுதந்திரம்'. 2025 பிப்ரவரியில் மூன்று பால்டிக் நாடுகளும் ரஷிய மின் தொகுப்பிலிருந்து முற்றிலுமாக விலகி ஐரோப்பியத் தொகுப்பில் இணைந்தன. உக்ரைனும் மால்டோவாவும் 2022 பிப்ரவரி 24 அதிகாலையில், ஏற்கெனவே திட்டமிட்டிருந்த சோதனைக்காக ரஷிய, பெலாரஸ் மின் தொகுப்பிலிருந்து துண்டித்துக் கொண்டிருந்தன. சில மணி நேரத்தில் படையெடுப்பு தொடங்கிவிட்டது. அவை பழைய தொகுப்புக்குத் திரும்பவே இல்லை. மார்ச் 16-இல் ஐரோப்பியத் தொகுப்புடன் இணைக்கப்பட்டன. பல ஆண்டுகளாகப் பொறியாளர்கள் சத்தமில்லாமல் செய்து வைத்திருந்த ஆயத்தம் இல்லையென்றால் இது மூன்று வாரங்களில் சாத்தியப்பட்டிருக்காது.

ருமேனியாவிலிருந்து வரும் எரிவாயுக் குழாயையும் மால்டோவா முன்கூட்டியே தலைநகர் கிஷினாவ் வரை நீட்டித்து வைத்திருந்தது. அதனால்தான் 2025 ஜனவரியில் நதியின் மேற்குக் கரையில் விளக்குகள் எரிந்தன. ஆனால், விடுதலைக்கும் விலை உண்டு. ஐரோப்பாவின் மிக ஏழை நாடுகளில் ஒன்றான மால்டோவாவில் 2022-இல் பணவீக்கம் 30 சதவீதத்தைத் தாண்டியது. 2025 தொடக்கத்தில் மின்கட்டணம் கடுமையாக உயர்ந்தது. ஐரோப்பிய யூனியனில் சேரும் இலக்கை அரசியல் சாசனத்தில் எழுதுவதற்கு 2024 அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பு, 50 சதவீதத்தை மயிரிழையில் தாண்டித்தான் நிறைவேறியது. 2025 செப்டம்பர் தேர்தலில் ஐரோப்பிய ஆதரவு ஆளுங்கட்சி பெரும்பான்மையைத் தக்கவைத்துக் கொண்டாலும், மின்கட்டண ரசீதும் வாக்குச்சீட்டும் அங்கு ஒன்றோடொன்று பிணைந்தே கிடக்கின்றன.

கிழக்குக் கரையின் நெருக்கடி தீர்ந்த விதம் இதைவிட முக்கியமானது. ஐரோப்பிய யூனியனின் அவசர உதவியால் 2025 பிப்ரவரி தொடக்கத்தில் எரிவாயு மீண்டும் வந்தது. ஆனால், கட்டணச் சீர்திருத்த நிபந்தனைகளுடன் கூடிய பெரிய நிதியுதவியை ஏற்க மறுத்த டிரான்ஸ்னிஸ்திரியா நிர்வாகம், ரஷியக் கடனைக் கொண்டு ஹங்கேரிய நிறுவனம் மூலம் எரிவாயு வாங்கும் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தது. பாதை மாறியதே தவிர பிடி மாறவில்லை. கிஷினாவ் அரசும் யோசிக்க வேண்டியது உண்டு. டிரான்ஸ்னிஸ்திரியா தனது நாட்டின் ஒரு பகுதி என்று உரிமை கோரினால், அங்குள்ள ஓய்வூதியதாரரின் வீட்டுக்கு வெப்பமூட்டும் பொறுப்பும் தன்னுடையதுதான். இலவச எரிவாயு நின்ற பிறகு உண்மை விலையை யார் சுமப்பது என்ற கேள்விக்கு விடை காணாமல் மறு இணைப்பைப் பற்றிப் பேசுவது வெறும் வாய்ப்பந்தலாகவே முடியும்.

ஐரோப்பா பாடம் கற்றுவிட்டதா என்பதும் ஐயத்துக்குரியது. ரஷிய எரிவாயு இறக்குமதியை 2027-க்குள் படிப்படியாக நிறுத்துவதென அது 2025 டிசம்பரில் உடன்பாடு கண்டது வரவேற்கத்தக்கதே. ஆனால், அந்த இடத்தை நிரப்புவது யார்? 2024-இல் அது வாங்கிய திரவ எரிவாயுவில் ஏறத்தாழ பாதி அமெரிக்காவிலிருந்து வந்தது. 2025 ஜூலையில் வர்த்தக உடன்பாட்டின் ஒரு பகுதியாக, மூன்றாண்டுகளில் 75,000 கோடி டாலருக்கு அமெரிக்க எரிபொருள் வாங்குவதாக வாக்களித்தது. அஜர்பைஜானிடமிருந்து கூடுதல் எரிவாயு வாங்க 2022 ஜூலையில் புரிந்துணர்வு செய்துகொண்டது. 2023 செப்டம்பரில் அந்நாட்டின் ராணுவ நடவடிக்கையால் நகோர்னோ கராபாக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் வெளியேறியபோது, பிரஸ்ஸல்ஸின் எதிர்ப்பு அறிக்கைகளோடு நின்றுவிட்டது. வாங்குபவரின் வாயை அடைக்கும் வலிமை எரிவாயுவுக்கு உண்டு. அது ரஷிய எரிவாயுவாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை.

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் என்று புது தில்லி கடந்து செல்ல முடியாது. ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக வரும் குழாய்த் திட்டம் 2000-களில் ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டு இந்தியா விலகி நின்றபோது, விலையும் அமெரிக்காவின் நெருக்குதலும் மட்டுமன்றி, இடைப்பட்ட நாட்டை நம்பலாமா என்ற கேள்வியும் குறுக்கே நின்றது. காஸ்பிரோமின் ஜெர்மன் துணை நிறுவனத்தை 2022 ஏப்ரலில் ஜெர்மனி தன் கட்டுப்பாட்டில் எடுத்துக் கொண்டதைத் தொடர்ந்து, அதன் சிங்கப்பூர் கிளை மூலம் இந்தியாவின் கெயில் நிறுவனத்துக்கு நீண்டகால ஒப்பந்தப்படி வரவேண்டிய திரவ எரிவாயு நின்றுபோனது. ஐரோப்பாவின் குளிருக்கான விலையில் ஒரு பங்கை இந்தியாவும் செலுத்தியது.

அதே காலகட்டத்தில், 2022-க்கு முன்பு இந்திய இறக்குமதியில் சுமார் 2 சதவீதமாக இருந்த ரஷிய கச்சா எண்ணெய், தள்ளுபடி விலையின் ஈர்ப்பால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. பெட்ரோலியத் தேவையில் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து வாங்கும் நாடு மலிவான இடத்தில் வாங்கியதில் தவறில்லை. ஆனால், அந்த எண்ணெயையே காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 25 சதவீதக் கூடுதல் வரி விதித்தது. பீப்பாய்க்குச் சில டாலர் மிச்சம் பிடித்த லாபம் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும், வரியின் சுமை பின்னலாடை, இறால், தோல் ஏற்றுமதியாளர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

ரஷியாவிடம் வாங்குவதா, அமெரிக்காவிடம் வாங்குவதா என்பதல்ல கேள்வி. விற்பவர் எவராயினும், அவர் நாளையே நிறுத்திவிட்டால் ஓராண்டு தாக்குப்பிடிக்க வழியிருக்கிறதா என்பதே கேள்வி. போதிய இருப்பு, ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகள், உள்நாட்டு மின் உற்பத்தி, ஒரே நாட்டைச் சாராத கொள்முதல் ஆகிய நான்கும் அமைதிக் காலத்தில் வீண் செலவாகத் தோன்றும். அந்தச் செலவைச் செய்து வைத்திருந்த மேற்குக் கரையில் 2025 ஜனவரியில் விளக்கெரிந்தது. இலவசமாகக் கிடைக்கிறது என்று முப்பதாண்டுகள் இருந்துவிட்ட கிழக்குக் கரை இருளில் மூழ்கியது.