சீருடை கிடைக்காத நடவுப்படை

இரண்டாம் உலகப்போரில் பெண்கள் என்று தேடினால் இங்கிலாந்தின் 'பெண்கள் நிலப்படை' முதலில் வந்து நிற்கிறது. ஆண்கள் போர்முனைக்குப் போனதும் வயலில் இறங்கிய பெண்கள். 1943 வாக்கில் 80,000 பேர். சீருடை, தொப்பி, சுவரொட்டி எல்லாம் உண்டு. கூலி மட்டும் ஆண்களைவிடக் குறைவு. 1950இல் படையைக் கலைத்தார்கள். உயிரோடிருந்த பாட்டிகளுக்கு அரசு சின்னம் கொடுத்தது 2008இல். வெள்ளைக்காரப் பெண்களுக்கே அந்தக் கதி. அவர்கள் மீது நமக்குக் கோபமில்லை. அதே பேரரசு, அதே போர். பொன்னேரிக் கழனியில் குனிந்து நின்ற நம் ஆயாக்கள் எந்தப் படை என்பதுதான் நம் கேள்வி.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. சென்னை மாகாணம் நம்பியிருந்த பர்மா அரிசி நின்றது. ஏப்ரலில் குண்டு விழும் என்ற பீதியில் வசதியுள்ளவர்கள் பட்டணத்தைக் காலி செய்துவிட்டு ஊருக்கு ஓடினார்கள். சேரிப் பெண் எங்கே ஓடுவாள்? 'அதிக உணவு பயிரிடுவோம்' என்று அரசு இயக்கம் நடத்தியது. பயிரிட்டது யார்? நாற்று பிடுங்கி, நட்டு, களையெடுத்து, அறுத்து, தூற்றியது யார்? அந்த நெல் எந்தக் களத்தில் குவிந்தது, எந்த வீட்டுக் குதிருக்குப் போனது?

போர் வந்துதான் பெண்கள் வயலுக்கு வந்தார்கள் என்ற கதை நம்முடையது அல்ல. நம் பெண்கள் போருக்கு முன்பும் கழனியில்தான் இருந்தார்கள், பின்பும் அங்கேதான். புதிதாக எதுவும் நடக்காததால் வரலாறு எழுதியவர்கள் கண்ணில் படவில்லை போலும்! மெட்ராஸ் சேப்பர்ஸ் படையில் நம் ஆண்கள் ஏராளமாக இருந்ததையாவது ராணுவக் குறிப்பேடுகள் சொல்கின்றன. வீட்டில் விட்டுப்போன பெண்ணின் கூலிக்கு எந்தக் குறிப்பேடு?

1965 போரின்போது சாஸ்திரி 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்றார். அந்தக் 'கிசான்' யார் தோழர்களே? பட்டா வைத்திருப்பவர். 2019இல் வந்த பிரதமர் கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்குத்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் சாகுபடி நிலம் வைத்திருப்போரில் 100க்கு 14 பேர்தான் பெண்கள். நாள் முழுக்கச் சேற்றில் நிற்பவள் விவசாயி இல்லையாம், 'கூலியாள்'.

நிலம் ஏன் இல்லை என்பதற்கும் இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. திருவள்ளூர் 1997 வரை செங்கல்பட்டு மாவட்டம். அந்தச் செங்கல்பட்டின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை எழுதி அனுப்பியதை ஒட்டித்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் நம் மக்களைத் தவிர யாருக்கும் விற்கக்கூடாது என்று நிபந்தனை. அந்த நிலம் எங்கே? அதைக் கேட்டதற்காக 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்த நிலம் கையில் இருந்திருந்தால் 1942இல் நட்டவள் கூலிக்கு நட்டிருக்க மாட்டாள்.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பையன்கள் ஒப்பந்த வேலைக்குப் பேருந்து ஏறுகிறார்கள். மிச்சமிருக்கும் கழனியில் அம்மாக்கள். அதே ஊரில் முகாமில் இருக்கும் ஈழத்துப் பெண்களுக்கு, போர் துரத்தி வந்த பிறகும், தன் பேரில் ஒரு சென்ட் மண் கிடையாது.

விடுமுறையில் ஊருக்குப் போகும் மாணவர்கள் இரண்டு வேலை செய்யுங்கள். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஆயாவிடம் உட்கார்ந்து, சின்ன வயசில் நடவுக்குக் கூலி எத்தனை படி நெல், ஆம்பளைக்கு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவர் பெயரோடு. பிறகு தாலுகா அலுவலகத்தில் உங்கள் கிராமத்தின் பழைய 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். டி.சி. நிலம் என்று போட்டிருக்கும் சர்வே எண்களை எடுத்துக்கொண்டு, இப்போது அங்கே யாருடைய வேலி நிற்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள்.