எடை கூடினால் ஆரோக்கியமா?



ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் என் வயதுக்காரர்கள் அடிக்கடி சொல்வது இது: "பிராய்லர் கோழிக்கெல்லாம் ஹார்மோன் ஊசி போடறாங்க சார். அதான் நாப்பது நாள்ல ரெண்டு கிலோ வருது." ஆயிரக்கணக்கான கோழிகள் அடைந்திருக்கும் கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டால் பண்ணைக்காரருக்குக் கூலிக்கே கட்டாது. கோழி வேகமாக வளர்வதற்கு முக்கியக் காரணம், பல தலைமுறைகளாகப் பொறுக்கியெடுத்த இனமும் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் தீவனமும்தான். ஆனால் நாம் ஊசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில் தீவனத்தைக் கவனிக்காமல் விட்டோம். உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது.

1948இல் அமெரிக்காவில் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனி, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தயாரித்தது. பொன்னிறமாக இருந்ததால் அந்தப் பெயர். அதே கம்பெனியில் தாமஸ் ஜூக்ஸ் என்ற விஞ்ஞானி, கோழிக்குஞ்சுகளுக்கு மலிவாக வைட்டமின் பி12 கிடைக்க வழி தேடிக்கொண்டிருந்தார். மருந்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார். வைட்டமினால் மட்டும் வரக்கூடிய எடையைவிடக் கூடுதலாக எடை வந்தது. சக்கையில் ஒட்டியிருந்த துளி ஆன்டிபயாட்டிக்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. 1950இல் செய்தி வெளியானது. 1951இலேயே அமெரிக்க அரசு, மருத்துவர் சீட்டு இல்லாமல் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்க அனுமதி கொடுத்துவிட்டது.

அந்த உற்சாகம் மனிதர்கள் வரைக்கும் வந்தது. 1950களில் அமெரிக்கக் கடற்படையில் பயிற்சிக்குச் சேர்ந்த ஆரோக்கியமான இளைஞர்களுக்கே வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை விழுங்கியவர்களைவிட இவர்களுக்கு எடை கூடியது. அந்தக் காலத்தில் எடை கூடினாலே ஆரோக்கியம் என்று நினைத்தார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தானே? லீவுக்கு வரும் பேரனைப் பார்த்ததும் "இளைச்சுப் போயிட்டியேப்பா" என்பதுதானே நமக்கு முதலில் வரும் வார்த்தை!

அரசு அலுவலகத்தில் ஆயுள் முழுக்கப் பேரேடு எழுதியவன் நான். ஒரு பத்தியை மட்டும் பார்த்துக் கணக்கை முடிக்கக் கூடாது என்பது எங்கள் பால பாடம். கோழியின் எடை வரவுப் பத்தி. பண்ணைக்காரர் அதை உடனே எழுதிக்கொள்வார். செலவுப் பத்தி அவருடைய பேரேட்டிலேயே இல்லை. அது பல வருஷம் கழித்து, எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில், கோழியைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு நோயாளியின் பெயரில் ஏறுகிறது.

அது எப்படி ஏறுகிறது என்பதையும் சொல்கிறேன். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெடுநாள் கொடுத்தால், பலவீனமான கிருமிகள் சாகும். தாக்குப்பிடிப்பவை தங்கிப் பெருகும். குறைவான அளவில் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே எச்சரித்தார். அப்படிப் பழகிய கிருமி பண்ணையோடு நிற்பதில்லை. கழிவில், தண்ணீரில், பச்சைக்கறியைத் தொட்ட கையில் வெளியே வருகிறது. நன்றாக வேகவைத்த கறியைச் சாப்பிட்டால் கிருமி தொற்றிவிடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். கறியை நறுக்கிய பலகையையும் கையையும் கழுவினோமா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

1969இல் பிரிட்டனில் ஸ்வான் குழு இதைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தது. ஸ்வீடன் 1986இல் எடைக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதைத் தடைசெய்தது. டென்மார்க் பண்ணைகள் 1990களின் முடிவில் நிறுத்தின. அங்கே பன்றி உற்பத்தி சரிந்துவிடவில்லை. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது. நம் நாட்டில் 2019 ஜூலையில், கோழி, மீன், கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் என்ற மருந்தைத் தயாரிக்கவும் விற்கவும் மத்திய அரசு தடை போட்டது. வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்து அது. அதைத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள்.

அப்படியானால் ஆன்டிபயாட்டிக் கெட்டதா? இல்லை. 2013இல் மலாவி நாட்டு ஆராய்ச்சி ஒன்று வெளியானது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவால் வாடிய 2,767 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குச் சத்துணவோடு ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். அவர்களில் இறந்தவர்கள் குறைவு, எடை ஏறித் தேறியவர்கள் அதிகம். 2016இல், நைஜர் நாட்டில் நடந்த இதே மாதிரி ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. அங்கே, வேறு சிக்கல் இல்லாத குழந்தைகள் தேறுவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மருந்து அதேதான். ஆளும் ஊரும் நோயும் மாறினால் பலனும் மாறுகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. 2012இல் நியூயார்க்கில் மார்ட்டின் பிளேசர் குழுவினர் சுண்டெலிக் குஞ்சுகளுக்குச் சிறிய அளவில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது, குடலில் வாழும் நுண்ணுயிர்களின் கூட்டம் மாறியது, உடலில் கொழுப்பு கூடியது. மலாவிக் குழந்தைக்கு ஏறிய எடை உயிர். இந்தச் சுண்டெலிக்கு ஏறியது வெறும் கொழுப்பு. தராசு இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும்.

இனி நம் கதைக்கு வருகிறேன். கோழிப்பண்ணையைத் திட்டுவது சுலபம். எங்கள் அலுவலகத்தில் ஒரு நண்பரின் மேஜை டிராயரில் எப்போதும் ஒரு ஆன்டிபயாட்டிக் அட்டை இருக்கும். யார் தும்மினாலும் அன்போடு இரண்டு மாத்திரை கிழித்துக் கொடுப்பார். மருந்துக் கடைகளில் இன்றும், "ஜலதோஷம்ப்பா, மூணு நாளைக்குக் குடு" என்றால் சீட்டு கேட்காமல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஜலதோஷம் வைரஸால் வருவது, ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது. நோய்க்கில்லாமல் எடைக்காகக் கொடுப்பது பண்ணைக்காரர் வழக்கம் என்றால், நோய்க்கில்லாமல் மன நிம்மதிக்காக விழுங்குவது நம் வழக்கம். கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிரான்ஸில் 2002இல் ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுத் தொலைக்காட்சி பார்க்கும் வீட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கலாம்: "லேஸான்திபியோதிக், சே பா ஒத்தொமாத்திக்." காய்ச்சல் என்றவுடனே தானாக எழுதித்தரும் சமாசாரம் அல்ல ஆன்டிபயாட்டிக் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்த எனக்கு அந்த இயைபு ஒரே தடவையில் மனப்பாடம் ஆகிவிட்டது. அடுத்த ஐந்து குளிர்காலங்களில் அங்கே ஆன்டிபயாட்டிக் சீட்டுகள் சுமார் கால் பங்கு குறைந்தன. சட்டத்தின் மிரட்டல் இல்லாமல், ஜனங்கள் டாக்டரிடம் கேட்பதைக் குறைத்தார்கள், டாக்டர்களும் எழுதுவதைக் குறைத்தார்கள். அவர்களால் முடிந்தது நமக்கும் முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாத்திரை அட்டையின் பின்புறம் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், அதை டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்று அர்த்தம். 2016இல் மத்திய அரசே இதை விளம்பரம் செய்தது. இன்று வீட்டு மருந்து டப்பாவை எடுத்துப் பாருங்கள். அந்தக் கோடு போட்ட பழைய மிச்ச மாத்திரைகள் இருந்தால் பேரப்பிள்ளைகளுக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுக்காதீர்கள். டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதித்தந்தால், சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்கள். எழுதித்தராவிட்டால், "ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க டாக்டர்" என்று கேட்காமல் எழுந்து வாருங்கள். "வேண்டாம்" என்று சொல்லி அனுப்புகிற டாக்டருக்கும் ஃபீஸ் கொடுக்கலாம், தப்பில்லை.